மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: அறிகுறியை வைத்துப் பழுது பார்க்கும் முறை

காலை ஐந்தரை மணிக்கு யாராவது கதவைத் தட்டினால், எங்கள் குடியிருப்பில் அது பெரும்பாலும் தண்ணீர்ச் செய்திதான். தாம்பரம் பக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். கீழே ஒரு சம்ப் (தரைக்கடித் தொட்டி), ஒரு போர்வெல், மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள். பதினொரு ஆண்டுகளாக இந்த மோட்டார்களைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. தெருவில் உள்ள மற்ற வீட்டாரும் அழைப்பார்கள். ஒவ்வொரு பழுதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். "மோட்டார் போய்விட்டது" என்று அழைத்த வீடுகளில் பாதிக்கு மேல் மோட்டாருக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை என்று அந்த நோட்டு சொல்கிறது. உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் சிக்கிய மணல், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் உப்பிப்போனது, மோட்டாரைப் போட்டு அணைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் குடியேறிய எறும்பு, இவைதான் காரணம். அதைப் பார்ப்பதற்குள் மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றித் தரும் வைண்டிங் கடையில் இறக்கிவிடுகிறார்கள்.

கீழே உள்ளவை சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி. முதல் ஒரு எச்.பி. வரையிலான, மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் மோனோபிளாக் மோட்டாருக்கானவை. போர்வெல் மோட்டாருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

## கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் கோக்கப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுவிட்ச் அணைந்திருக்கும், ஆனால் மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் மின்சாரம் உயிரோடு இருக்கும். எம்.சி.பி.யை (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை) இறக்குங்கள், பிளக் இருந்தால் உருவுங்கள், அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மின்சாரம் உள்ள வேறொரு பாயின்ட்டில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பழுதான டெஸ்டர் "மின்சாரம் இல்லை" என்றுதான் எப்போதும் சொல்லும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு கம்பிகளையும், உலோக முனையில் கை படாமல், கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் சில நொடிகள் தொடவைத்தால் அது வடிந்துவிடும்.

மூன்றாவது விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியமானது. சம்ப்புக்குள் இறங்காதீர்கள். நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கும். உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து உயிரிழந்த செய்திகளைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஃபுட் வால்வைப் பார்க்க இறங்க வேண்டிய தேவையே இல்லை. உறிஞ்சு குழாயை யூனியனில் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பில்) கழற்றி மேலே தூக்கிவிடலாம்.

## சுவிட்சைப் போட்டால் எந்தச் சத்தமும் இல்லை

முதலில் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. பாதியில் நிற்கலாம். பார்வைக்கு மேலே இருப்பதுபோல் தெரியும், உள்ளே துண்டித்திருக்கும். முழுவதும் கீழே இறக்கிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

தானியங்கி நீர்மட்டக் கருவி பொருத்திய வீடாக இருந்தால் சந்தேகத்தை அங்கே கொண்டுபோங்கள். சம்ப்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அந்தக் கருவி நினைத்தால் மோட்டாரை ஓடவிடாது. எங்கள் பகுதி போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். சென்சார் கம்பிகளில் நான்கைந்து மாதத்தில் வெள்ளையாகப் படிந்து, தண்ணீருக்குள் இருந்தாலும் கம்பி தண்ணீரை உணராது. பாத்திரம் தேய்க்கும் நாரால் நன்றாகத் தேய்த்துவிட்டால் சரியாகும். மிதவை சுவிட்ச் என்றால் அதன் வயர் குழாயில் சுற்றிக்கொண்டு மிதவை எழும்ப முடியாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். கருவியில் "மேனுவல்" வசதி இருந்தால் அதில் வைத்து ஓட்டிப்பாருங்கள். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கருவியைத்தான் கவனிக்க வேண்டும்.

மோட்டார் சற்று முன்புவரை ஓடிக்கொண்டிருந்து, உடம்பு சுடுகிறது என்றால், பல மோட்டார்களில் உள்ளேயே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு துண்டித்திருக்கும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறியதும் ஓடினால், ஏன் சூடானது என்பதைக் கீழே "சற்று நேரம் ஓடி நின்றுவிடுகிறது" என்ற பகுதியில் தேடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஸ்டார்ட்டர் மூடியையும் மோட்டாரின் இணைப்புப் பெட்டியையும் திறங்கள். ஒரு முறை எங்கள் ஸ்டார்ட்டரைத் திறந்தபோது, கான்டாக்ட் முனைகள் இரண்டுக்கும் நடுவே நசுங்கிய சிற்றெறும்புகள் கரிந்த மிளகுத்தூள்போல் அப்பிக்கிடந்தன. தூரிகையால் துடைத்து, வழவழப்பான எமரி தாளால் ஒரே ஒரு முறை உரசியதும் ஓடிவிட்டது. பல்லி புகுந்து கரிந்து கிடப்பதும் உண்டு. வயர் நுழையும் துளையை ரப்பர் வளையத்தாலோ எம்-சீலாலோ அடைத்துவைப்பது நல்லது. ஸ்க்ரூ தளர்ந்து வயர் முனை கருகியிருந்தால், கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்து முறுக்குங்கள்.

இணைப்புப் பெட்டிவரை சரியான மின்சாரம் வந்தும் மோட்டார் ஊமையாகவே இருந்தால், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், அறுந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

## முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். முனகிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நொடியும் காயில் கொதிக்கிறது. சில நிமிடங்கள் அப்படியே விட்டால் வார்னிஷ் கருகும் வாடை வரும், அதன் பிறகு ரீவைண்டிங் தவிர வேறு வழியில்லை. கெப்பாசிட்டர் போன மோட்டாரின் விசிறியைக் குச்சியால் தள்ளிவிட்டு ஓடவைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விரலும் போகும், மோட்டாரும் போகும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாரின் பின்பக்கம் விசிறியை மூடியிருக்கும் தகரத்தின் நடுவே துளை இருக்கும். பல சிறிய மோட்டார்களில் அதன் வழியே பார்த்தால் தண்டின் முனையில் திருப்புளி பொருந்தும் ஒரு கீறல் தெரியும். திருப்புளியை வைத்துத் திருப்புங்கள். துளை இல்லாவிட்டால் தகரத்தைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றுங்கள்.

தண்டு லேசாகச் சுழல்கிறது என்றால் கெப்பாசிட்டர்தான் முதல் சந்தேகம். மேலே உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, முனை கருகியிருந்தாலோ வேறு சோதனை வேண்டாம், மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே செத்திருக்கலாம். மல்டிமீட்டரில் அளவு பார்க்கும் வசதி இருந்தால் மின்னூட்டத்தை வடித்துவிட்டு அளந்துபாருங்கள். மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பழைய கெப்பாசிட்டரைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதாக வாங்குங்கள். "கொஞ்சம் பெரியதாகப் போட்டால் வேகமாக ஓடும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், காயில்தான் சூடாகும். இருப்பதிலேயே மலிவான பாகம் இது. கெப்பாசிட்டரை நேரடியாக மின்சாரத்தில் செருகித் தீப்பொறி பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வெடிக்கக்கூடியது.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தும் முனகினால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். கோடை மாலைகளில் எங்கள் தெருவில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்திருக்கிறது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் கிளப்பும் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதிகாலையில் ஓடி, இரவு ஏழு மணிக்கு முனகும் மோட்டார் என்றால் காரணம் இதுதான். ஓட்டும் நேரத்தை மாற்றுங்கள், மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். வீட்டின் வேறு விளக்குகளெல்லாம் பிரகாசமாக இருந்து மோட்டார் முனையில் மட்டும் அழுத்தம் குறைகிறது என்றால் வயர் மெலிது. ஒரு எச்.பி. மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போடுங்கள்.

தண்டு இறுகிக்கிடக்கிறது என்றால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. ஊருக்குப் போய் இரண்டு மாதம் பூட்டியிருந்த வீடுகளில் இது வழக்கம். செல்ஃப் பிரைமிங் வகை மோட்டார்களில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மயிரிழை அளவுதான் என்பதால் மெல்லிய துருவே போதும். திருப்புளியால் இப்பக்கமும் அப்பக்கமுமாகப் பொறுமையாக அசையுங்கள். பெரும்பாலும் "கரக்" என்று விட்டுக்கொடுக்கும். அதன்பின் நாலைந்து முழுச் சுற்று கையால் சுற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். அசையவே இல்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள், இம்பெல்லர் உடையும். மெக்கானிக் பம்ப் பக்கத்தைத் திறந்து சுத்தம் செய்யட்டும். நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் ஓட்டச் சொல்லிவிட்டுப் போனால் இந்தத் தொல்லை வராது.

## நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை

என் நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருப்பது இதுதான்.

முதலில் சம்ப் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, ஃபுட் வால்வு மூழ்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அடுத்து மேலே போகும் குழாயில் உள்ள கேட் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி கழுவியவர் மூடிவிட்டுத் திறக்க மறந்திருப்பார்.

அது சரியென்றால் மோட்டாரை நிறுத்தி, பம்பின் தலையில் இருக்கும் தண்ணீர் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே தண்ணீர் விளிம்புவரை நிற்க வேண்டும். இறங்கிப்போயிருந்தால் சிறு குவளையால் மெல்ல ஊற்றுங்கள். மடமடவென்று ஊற்றினால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். குமிழிகள் வந்து அடங்கும்வரை ஊற்றி, விளிம்பைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். இந்த ஐந்து நிமிடத்தை யாரும் பொறுத்திருப்பதில்லை. பழுது எங்கே என்று சொல்வதே அதுதான்.

தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிறது. ஃபுட் வால்வு நன்றாக இருக்கிறது. மூடியை இறுக்கி, ஓட்டிப்பாருங்கள். தண்ணீர் ஏறினால், எப்போதோ ஒரு நாள் சம்ப் வற்றியபோது காற்றை இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். மூடியின் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் வழியாகவும் காற்று போகும்.

கண் முன்னே இறங்குகிறது. ஃபுட் வால்வு மூடவில்லை, அல்லது உறிஞ்சு குழாயில் எங்கோ கசிவு. சம்ப்புக்கு வெளியே தெரியும் குழாயையும் ஜாயின்ட்டுகளையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி தண்ணீர் நிரப்புங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் ஈரம் முத்துமுத்தாக அரும்பும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் உள்ளே மட்டும் இறங்கினால் ஃபுட் வால்வுதான்.

யூனியனைக் கழற்றி, இரண்டு பேராகக் குழாயைத் தூக்குங்கள். அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றினால் உள்ளே ரப்பர் அல்லது தோல் வாஷர் ஒட்டிய ஒரு மூடி மேலும் கீழும் ஆடும். வேப்பிலை, மண், சிமென்ட் துண்டு எது சிக்கினாலும் அது முழுவதும் அமராது. லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் எங்கள் வால்வில் ஆற்று மணல் தேங்குவது வழக்கம். கழுவிவிட்டு வால்வை நிமிர்த்திப் பிடித்து மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சொட்டினால் வாஷரையோ வால்வையோ மாற்றுங்கள்.

தண்ணீர் நிற்கிறது, ஓட்டினால் மட்டும் விட்டுவிட்டு, காற்றோடு சீறி வருகிறது. நிற்கும்போது கசியாத அளவுக்குச் சிறிய துளை, ஓடும்போது காற்றை உறிஞ்சுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி கிடையாது. மோட்டாரை ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு ஜாயின்ட் அருகிலும் மெல்லக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து குழாயை நோக்கி இழுக்கப்படும். அந்த இடத்தைத்தான் கழற்றி டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லையென்றால் உயரத்தை அளந்து பாருங்கள். நீர்மட்டத்திலிருந்து மோட்டார் இருக்கும் இடம்வரை 7 மீட்டருக்கு மேல் இருந்தால், நடைமுறையில் எந்த மோனோபிளாக்கும் உறிஞ்சாது. கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டார் கோடையில் மட்டும் இழுக்காமல் போவதற்குக் காரணம் இதுவே. உயரம் சரியாக இருந்தால் இம்பெல்லர் தண்டிலிருந்து கழன்றோ உடைந்தோ இருக்கும். மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம் இது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "ஓடட்டும், இழுத்துவிடும்" என்று தண்ணீர் இல்லாத மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட்டினால், தண்டைச் சுற்றியுள்ள சீல் காய்ந்து கருகிவிடும். பைசா செலவில்லாத பழுது அப்போதுதான் செலவுள்ள பழுதாகிறது.

## தண்ணீர் வருகிறது, தொட்டி நிறைய நேரமாகிறது

மோட்டார் நன்றாக இருக்கும் நாளிலேயே ஓர் அளவு எடுத்துவைத்திருந்தால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் தொட்டி காலியிலிருந்து நிறைய 38 நிமிடம் என்று ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன். 50 நிமிடம் ஆனால் தேடத் தொடங்குவேன்.

பெரும்பாலும் ஃபுட் வால்வுச் சல்லடையில் பாசியும் இலையும் அடைத்திருக்கும். அடுத்தது கேட் வால்வு. பழைய பித்தளை வால்வில் உள்ளே இருக்கும் தட்டு தண்டிலிருந்து கழன்று பாதி வழியை மறித்துக்கொண்டு நிற்கும். வெளியே கைப்பிடி வழக்கம்போல் சுற்றும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் கைப்பிடி அதற்கு அடையாளம். மூன்றாவது, மேலே போகும் இரும்புக் குழாயின் உட்புறம் உப்பு படிந்து வழி சுருங்குவது. ஒரு துண்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடலாம். கடைசியாக, மணல் அரித்துத் தேய்ந்த இம்பெல்லர்.

ரீவைண்டிங் முடிந்து வந்த நாளிலிருந்து தண்ணீர் குறைவாக வருகிறது என்றால், சுற்றும் திசையைப் பாருங்கள். பம்ப் உடலில் அம்புக்குறி வார்த்திருக்கும். காயில் முனைகளை மாற்றி இணைத்திருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், தண்ணீரும் ஓரளவு வரும். அதனால் பல மாதம் யாரும் கவனிக்காமலே போவதுண்டு. வைண்டிங் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்.

தொட்டி நிறைந்திருக்கிறது, வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரைத் தொடாதீர்கள். தொட்டி ஒரு முறை முழுவதும் காலியானபோது இறங்கு குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. வீட்டிலேயே தாழ்வான குழாயை முழுவதும் திறந்துவைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

## சற்று நேரம் ஓடி நின்றுவிடுகிறது, அல்லது எம்.சி.பி. விழுகிறது

எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

போட்ட அதே நொடியில் பட்டென்று விழுந்தால், மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு எம்.சி.பி.யை ஏற்றுங்கள். அப்போதும் விழுந்தால் பழுது வயரில். நின்றால் மோட்டாருக்குள் ஷார்ட். இணைப்புப் பெட்டியில் மழைநீர் புகுந்திருந்தால் துடைத்துக் காயவைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் வைண்டிங் கடைதான். ஆனால் புதிதாக எம்.சி.பி. மாற்றிய பிறகுதான் விழுகிறது என்றால், அது 'பி' வகையா 'சி' வகையா என்று பாருங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். விளக்குக்கான 'பி' வகை அதைத் தாங்காமல் விழும். மோட்டாருக்கு 'சி' வகை வேண்டும்.

பத்து, இருபது நிமிடம் ஓடிவிட்டு நின்றால் மோட்டார் சூடாகிறது. வெயிலில் தகர மூடிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்களா, பின்பக்க விசிறி உடைந்திருக்கிறதா, மின்னழுத்தம் குறைவா, கெப்பாசிட்டர் அளவு தேய்ந்துவிட்டதா என்று வரிசையாகப் பாருங்கள். பேரிங் இறுகுவதும் காரணமாக இருக்கலாம், அதற்குச் சத்தமும் சேர்ந்து வரும். விழுகிறது என்பதற்காகப் பெரிய ஆம்பியர் எம்.சி.பி. போடாதீர்கள். காவல்காரனை மாற்றினால் வயர்தான் எரியும்.

## சத்தம் மாறிவிட்டது

கீச்சென்ற சத்தம், ஓட ஓடக் கூடினால், பேரிங். நீளமான திருப்புளியின் நுனியை மோட்டார் உடலில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால், முன்பக்கமா பின்பக்கமா என்று தெளிவாகத் தெரியும். சுற்றும் பகுதியிலிருந்து விலகி நின்று கேளுங்கள். பேரிங்கைத் தட்டி எடுக்காமல் புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் கடையில் கொடுப்பது நல்லது. 6202, 6203 போன்ற எண் பேரிங்கிலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

உள்ளே கூழாங்கல் உருள்வதுபோலச் சத்தம் வந்தால் பம்புக்குத் தண்ணீர் போதவில்லை. சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள், நீர்மட்டத்தைப் பாருங்கள். கடகடவென்று தரை அதிர்ந்தால் அடிபோல்ட்டுகளை இறுக்கினாலே போதும்.

## மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டுகிறது

தண்டைச் சுற்றிக் கயிறு திணித்துக் கசிவை அடக்கும் பழைய கிளாண்ட் கயிறு வகையில் ஓரிரு சொட்டு விழுவது இயல்பு, அது வேண்டியதும்கூட. மெக்கானிக்கல் சீல் உள்ள மோட்டாரில் ஒரு சொட்டும் கூடாது. சீல் மலிவான பாகம். ஆனால் "சொட்டுதானே" என்று கீழே ஒரு டப்பாவை வைத்துவிட்டு இருந்தால், அந்த ஈரம் முதலில் பேரிங்கைத் துருப்பிடிக்கவைக்கும், பிறகு காயிலை அடையும். எதிர்வீட்டு அம்மா அப்படி ஒரு மழைக்காலம் முழுவதும் டப்பா வைத்திருந்தார். சீல் மாற்றவேண்டிய இடத்தில் சீல், இரண்டு பேரிங், ரீவைண்டிங் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சொட்டத் தொடங்கிய வாரமே மெக்கானிக்கை அழையுங்கள்.

## குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது

இங்கே நீங்களே செய்யும் சோதனை எதுவும் கிடையாது. மோட்டார் ஓடும்போது குழாயிலோ தண்ணீரிலோ லேசான அதிர்ச்சி தெரிந்தாலும் எம்.சி.பி.யை இறக்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்லுங்கள். காயிலிலிருந்து உடலுக்கு மின்சாரம் கசிகிறது, அதோடு எர்த் கம்பியும் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கைக்குத் தெரியும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து மெக்கர் என்ற கருவியை வைத்துக் காயிலின் மின்காப்பை அளந்து, எர்த்தைச் சோதித்த பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். வந்தவரிடம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். அது இருக்கும் வீட்டில் கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரடியாக இணைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

சம்ப்புக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மோட்டார் உள்ளவர்கள் அது ஓடும்போது தண்ணீரில் கை விடவோ வாளியால் மொள்ளவோ கூடாது.

## போர்வெல் மோட்டார்: ஆம்பியர் முள் சொல்லும் கதை

மோட்டார் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவது பேனலில் உள்ள ஆம்பியர் மீட்டர்தான். நன்றாக ஓடும் நாளில் முள் எங்கே நிற்கிறது என்பதை மீட்டர் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

முள் அசையவே இல்லை: பேனலில் ஃபியூஸ், கான்டாக்ட், கேபிள் இணைப்பு. எல்லாம் சரியென்றால் ஆழத்தில் கேபிள் ஜாயின்ட் விட்டிருக்கலாம்.

முள் எகிறி ஓவர்லோடு விழுகிறது: பேனலில் உள்ள கெப்பாசிட்டர்களை முதலில் பாருங்கள், மின்னழுத்தத்தையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கீழே மணல் இறுக்கியிருக்கிறது.

முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கிறது, தண்ணீர் இல்லை: உடனே நிறுத்துங்கள். போரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்து ஓட்டும்போது ஐந்து நிமிடம் வந்துவிட்டு மறுபடி நின்றால் அதுவே உறுதி. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது, எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் மோட்டார் கெட்டுவிட்டது என்று புது மோட்டார் வாங்கி இறக்கினார்கள். பழைய மோட்டார்கள் நன்றாகவே இருந்தன, போரில்தான் தண்ணீர் இல்லை. ஓய்வு கொடுத்தும் ஒரு சொட்டு வராமல் முள் மட்டும் தாழ்ந்தே நின்றால் இணைப்புத் தண்டு உடைந்திருக்கலாம்.

மோட்டாரை மேலே இழுப்பதை வீட்டு ஆட்கள் முயலவே கூடாது. கயிறு நழுவினால் மோட்டாரும் குழாயும் உள்ளே விழுந்து போரே வீணாகும். முக்காலியும் செயின் பிளாக்கும் வைத்திருப்பவர்களை அழையுங்கள்.

## ஆளை அழைக்கும்போது

"மோட்டார் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை எச்.பி., முனகுகிறதா ஊமையா, தண்டு கையால் சுழல்கிறதா, ஊற்றிய தண்ணீர் நின்றதா இறங்கியதா என்று சொன்னால், அவர் தேவையான பாகத்தோடு வருவார். ஒரு நடை மிச்சம்.

ரீவைண்டிங் என்று சொன்னால், கருகிய காயிலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல காயில் தேன் நிறத்தில் பளபளக்கும். எரிந்த காயில் கறுத்து, வார்னிஷ் வாடை அடிக்கும். இதைக் காட்டத் தயங்குகிறவரிடம் மோட்டாரை விடாதீர்கள். புதுக் காயில் செப்புக் கம்பியா அலுமினியமா என்பதை முதலிலேயே பேசி, ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய மோட்டாரைத் தூக்கிப் போட அவசரப்படவும் வேண்டாம். 1937-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் கோவையில் மின் மோட்டார் உருவான காலத்திலிருந்து வளர்ந்த தொழில் இது. கனமான வார்ப்பிரும்பு உடல் கொண்ட பழைய கோவை மோட்டாருக்குச் சீல், பேரிங், இம்பெல்லர் மூன்றும் சிறிய ஊர்களில்கூடக் கிடைக்கின்றன. உடல் வெடித்திருந்தாலோ, இரண்டு ஆண்டுக்குள் மூன்றாவது முறை காயில் எரிந்தாலோ புதியது வாங்குங்கள். மாற்றிய பாகம், தேதி, செலவு மூன்றையும் அன்றைக்கே ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.